இரண்டு ராத்திரிக்கு எந்த ஐரோப்பிய ஊர்? முதலில் மணிக்கணக்கைப் பாருங்கள்

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கிளம்பி, ஞாயிறு ராத்திரிக்குள் வீடு வந்து சேர வேண்டும், நடுவில் ஒரு புது ஊரைப் பார்த்துவிட வேண்டும். லண்டனிலோ பாரிஸிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ சூரிக்கிலோ இருக்கிறவர்களுக்கு இது நடக்கிற காரியம்தான். ஆனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், டிக்கெட் மலிவாகக் கிடைத்த ஊருக்கோ, எல்லோரும் போட்டோ போடுகிற ஊருக்கோ கிளம்பிவிடுகிறோம். ஒரு வாரம் போவதென்றால் அப்படிப் போகலாம், தப்பே இல்லை. இரண்டு ராத்திரிக்கு அது ஒத்துவராது. இதில் உங்கள் கையில் இருக்கும் மூலதனம் என்பது பணம் கூட இல்லை, விழித்திருக்கும் மணிநேரம்தான். அதை எந்த ஊர் அதிகமாக மிச்சம் வைக்கிறதோ அதுதான் நல்ல ஊர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெள்ளி சாயங்காலம் ஆறரைக்கு விமானம் என்று வையுங்கள். ஒன்றே முக்கால் மணி நேரப் பயணம். இறங்கி, வரிசையில் நின்று, வெளியே வந்து, ஊருக்குள் போய் ரூம் சாவியை வாங்கும்போது பத்தோ பதினொன்றோ ஆகிவிடும், லண்டனிலிருந்து போகிறவர்களுக்கு நேர வித்தியாசத்தில் இன்னும் ஒரு மணி நேரம் காலி. அன்றைக்கு அவ்வளவுதான், படுக்கத்தான் முடியும். சனிக்கிழமை முழுசாக உங்களுடையது, பன்னிரண்டு மணி நேரம். ஞாயிறு ஏழு மணிக்குத் திரும்பும் விமானம் என்றால் நாலு மணிக்கே ஊரை விட்டுக் கிளம்ப வேண்டும், அதனால் ஞாயிறு கையில் கிடைப்பது ஆறு மணி நேரம். மொத்தம் பதினெட்டு. இப்போது விமான நிலையம் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கிறது என்றால் என்ன ஆகும்? வெள்ளி ராத்திரி தூக்கம் போச்சு, ஞாயிறு ஒன்றரை மணி நேரமும் போச்சு. டிக்கெட்டில் நாற்பது யூரோ மிச்சம் பிடித்துவிட்டு, பஸ்ஸுக்கு முப்பது யூரோ கொடுத்து, நெடுஞ்சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.

விமான நிலையத்தின் பெயரை நம்பாதீர்கள்

மலிவு விமானங்கள் இறங்கும் இடங்களின் பெயர்களை ஒரு தடவை மேப்பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும். பாரிஸ் என்று சொல்லி இறக்கிவிடும் போவே, நகரத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். ஃபிராங்க்ஃபர்ட் ஹான் நூறு கிலோமீட்டருக்கும் மேல். ஸ்டாக்ஹோம் ஸ்காவ்ஸ்டாவும் ஏறத்தாழ நூறு. மியூனிக் மேற்கு என்ற பெயரில் விற்கப்படும் மெம்மிங்கன் கூட நூற்றுக்கு மேல்தான். பெயரில் பெரிய நகரம் இருக்கும், ஜன்னலுக்கு வெளியே வயல்தான் இருக்கும்.

இதற்கு நேர்மாறான ஊர்களும் நிறைய இருக்கின்றன. ஜெனீவாவில் விமான நிலையத்திலிருந்து நடு ஊருக்கு ரயிலில் ஏழு நிமிஷம். சூரிக்கில் பத்துப் பன்னிரண்டு. கோபன்ஹேகனில் கால் மணி நேரம், அதுவும் அங்கே மெட்ரோ ராத்திரி முழுக்க ஓடுகிறது, அதனால் விமானம் தாமதமாகி நடுராத்திரி இறங்கினாலும் டாக்ஸிக்கு அழ வேண்டியதில்லை. ஸ்பெயினின் மலகாவில் புறநகர் ரயில் பன்னிரண்டு நிமிஷத்தில் ஊருக்குள் கொண்டுவந்து விட்டுவிடும். ஆம்ஸ்டர்டாமிலும் வியன்னாவிலும் ரயிலில் கால் மணி நேரம்தான். போலந்தின் கிராக்கோவில் இருபது நிமிஷம் சொச்சம். இந்த ஊர்களில் எதை எடுத்தாலும், தூரத்து விமான நிலையத்தோடு ஒப்பிடும்போது போகவும் வரவும் சேர்த்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம், அது ஒரு நல்ல மதியச் சாப்பாடும் அதற்கப்புறம் ஒரு மியூசியமும்.

தூரத்து விமான நிலையத்தையே சாதகமாக்கிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது, பலரும் இதை யோசிப்பதில்லை. மிலான் பெர்காமோ என்று டிக்கெட்டில் இருக்கும், எல்லோரும் இறங்கியதும் மிலான் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள், மிலான் ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆனால் பெர்காமோ ஊரே ஐந்து கிலோமீட்டரில் இருக்கிறது. அதன் மேல் நகரம் குன்றின்மேல், வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டைச் சுவருக்குள் அப்படியே இருக்கிறது, 2017-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்த சுவர். கீழ் நகரத்திலிருந்து சின்ன இழுவை ரயிலில் ஏறிப் போகலாம். இரண்டு ராத்திரிக்கு அந்த ஊர் கச்சிதம், மிலானுக்கே போக வேண்டியதில்லை. பார்சிலோனா என்று நினைத்து ஜிரோனாவில் இறங்குகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், ஜிரோனாவிலேயே தங்கிவிடுங்கள்.

ரயிலை மறந்துவிடாதீர்கள். ரயில் டிக்கெட் விலை கூடுதலாகத் தெரியும், ஆனால் ரயில் நிலையம் ஊருக்கு நடுவில் இருக்கும், இரண்டு மணி நேரம் முன்னாடி போக வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை, பையை எடை போட மாட்டார்கள். பாரிஸிலிருந்து ஸ்ட்ராஸ்பூர்க் ஒன்றே முக்கால் மணி நேரம், இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் பழைய ஊர். கொலோனில் ஸ்டேஷன் வாசலைத் தாண்டினால் கதீட்ரல் தலைக்கு மேல் நிற்கும், 157 மீட்டர் உயரம், கழுத்து வலிக்கும். சூரிக்கிலிருந்து மிலானுக்கு 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் சுரங்கம் வழியாக மூன்றே கால் மணி நேரம் சொச்சம். லண்டனிலிருந்து பிரஸ்ஸல்ஸ் இரண்டு மணி நேரம், பாரிஸ் இரண்டே கால். என்னுடைய அளவுகோல் இதுதான்: வீட்டு வாசலிலிருந்து ஹோட்டல் வாசல் வரை ஐந்து மணி நேரத்துக்குள் ரயிலில் போக முடிந்தால் விமானத்தைப் பார்க்கவே வேண்டாம்.

ஊரின் அளவு

பதினெட்டு மணி நேரத்துக்கு ரோம் வேண்டாம். ரோம் எனக்கு உயிர், அதனால்தான் சொல்கிறேன். கொலோசியத்துக்கு ஒரு வரிசை, வாட்டிகனுக்கு ஒரு வரிசை, நடுவில் பஸ், வெயில், இப்படி ஓட்டமும் நடையுமாகப் பார்த்துவிட்டு வந்தால் ரோமைப் பார்த்த மாதிரியும் இருக்காது, ஓய்வு எடுத்த மாதிரியும் இருக்காது. இஸ்தான்புல், பெர்லின் எல்லாம் அப்படித்தான், அவை பரந்து கிடக்கிற ஊர்கள், நாலு நாளாவது கொடுக்க வேண்டும். பெரிய ஊருக்குத்தான் போவேன் என்றால், அதில் ஒரு பேட்டையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், மீதியை இன்னொரு தடவைக்கு வையுங்கள்.

இரண்டு ராத்திரிக்குப் பொருந்துவது ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அரை மணி நேரத்தில் நடந்துவிடக்கூடிய பழைய ஊர். ஒன்றிரண்டை விரிவாகச் சொல்கிறேன், எதைப் பார்த்து முடிவெடுக்கிறேன் என்பது அதில் புரிந்துவிடும்.

இத்தாலியின் பொலோன்யா. விமான நிலையத்திலிருந்து ஒற்றைத் தண்டவாள ரயில் ஏழெட்டு நிமிஷத்தில் முதன்மை ரயில் நிலையத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து மாஜ்ஜோரே சதுக்கத்துக்கு ஒரே நேர் ரோடு, இருபது நிமிஷ நடை, அந்த ரோடு நெடுகிலும் இருபுறமும் தூண்களோடு கூடிய மூடிய தாழ்வாரம். பொலோன்யாவில் இந்தத் தாழ்வாரங்கள் கிட்டத்தட்ட ஊர் முழுக்க ஓடுகின்றன, பழைய நகரத்துக்குள் மட்டும் 38 கிலோமீட்டர் என்று கணக்கு, 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் வந்தது. இது ஏன் முக்கியம் என்றால், குறுகிய பயணத்தைக் கெடுப்பதே மழைதான். ஒரு வாரம் போனால் ஒருநாள் மழையை ரூமில் உட்கார்ந்து கழிக்கலாம், இருப்பதே ஒரு சனிக்கிழமை என்றால் என்ன செய்வது? பொலோன்யாவில் குடை இல்லாமலே நாள் முழுக்கச் சுற்றலாம், ஜூலை வெயிலிலும் அதே நிழல்தான். சனி ஞாயிறுகளில் நடு ஊரின் பெரிய ரோடுகளை வண்டிகளுக்கு அடைத்துவிடுகிறார்கள், நடக்கிறவர்களுக்குத்தான் முழு ரோடும்.

சதுக்கத்தில் இருக்கிற சான் பெத்ரோனியோ தேவாலயத்துக்குள் போனால் இடது பக்கத் தரையில் ஒரு நீளக் கோடு பதித்திருக்கும். 1655-இல் வானியலாளர் காசினி அமைத்தது, ஏறத்தாழ 67 மீட்டர். மேலே கூரையில் ஒரு சின்னத் துளை, உச்சி நேரத்தில் அதன் வழியே விழும் சூரிய ஒளி ஒரு வட்டமாகத் தரையில் நகர்ந்து வந்து சரியாக அந்தக் கோட்டைத் தாண்டும். கோடைக்காலக் கடிகாரப்படி அது ஒன்றே கால் மணி வாக்கில் நடக்கும், குளிர்காலத்தில் பன்னிரண்டே கால் வாக்கில். வானம் தெளிவாக இருந்தால் பத்து நிமிஷம் முன்னாடியே போய் நில்லுங்கள், காசு கொடுத்து வரிசையில் நின்று பார்க்கிற எதையும் விட இது மனதில் நிற்கும். ஒரு விஷயம் மட்டும்: ஊரின் அடையாளமான இரட்டைக் கோபுரங்களில் சாய்ந்த கோபுரத்தின் நிலை மோசமாகி, 2023 கடைசியிலிருந்து சுற்றிலும் அடைத்துப் பழுது பார்க்கிறார்கள், கோபுரம் ஏறலாம் என்ற எண்ணத்தில் போகாதீர்கள். சைவக்காரர்கள் கவனத்துக்கு, இந்த ஊர்ப் பாஸ்தாவில் தோர்தெல்லீனி என்கிற சின்னது பன்றி இறைச்சி அடைத்தது, தோர்தெல்லோனி என்கிற பெரியதில் ரிகோட்டா பாலாடைக்கட்டிதான் வழக்கம், வெண்ணெயும் சேஜ் இலையும் போட்டுத் தருவார்கள். பெயர் ஒன்று போலவே இருக்கும், கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று பெல்ஜியத்தின் கெண்ட். எல்லோரும் ப்ரூஜ் போவார்கள். ப்ரூஜ் அழகுதான், ஆனால் சனிக்கிழமை பகலில் நாள்பயணிகள் கூட்டம் தாங்காது. கெண்ட் பிரஸ்ஸல்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம், அதே கால்வாய், அதே பழைய வீடுகள், கூடவே பல்கலைக்கழக மாணவர்கள் வாழ்கிற உயிருள்ள ஊர். சாயங்காலம் விளக்கு போட்டதும் க்ராஸ்லெய் கரையில் போய் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. செயின்ட் பாவோ கதீட்ரலில் 1432-இல் வான் ஐக் வரைந்து முடித்த பலிபீட ஓவியம் இருக்கிறது, அதில் ஒரு பலகை 1934-இல் திருடு போய் இன்று வரை கிடைக்கவில்லை, இப்போது அந்த இடத்தில் இருப்பது நகல். ஞாயிறு காலையில் பூசை நடப்பதால் அதைச் சனிக்கிழமையே பார்த்துவிடுவது நல்லது. கெண்டைச் சிபாரிசு செய்ய எனக்கு இன்னொரு காரணம் சாப்பாடு. 2009-இல் வியாழக்கிழமைகளைச் சைவ நாளாக அறிவித்த நகரம் இது, அதனால் சைவ உணவு என்றால் தட்டில் நாலு கீரையை வைத்துத் தருகிற இடமாக இல்லை, ஒழுங்காகச் சமைக்கிற கடைகள் நிறைய.

போர்ட்டோவும் நல்ல ஊர்தான், விமான நிலையத்திலிருந்து மெட்ரோவில் அரை மணி நேரம், பார்க்க வேண்டியதெல்லாம் ஆற்றங்கரையைச் சுற்றியே. ஆனால் மேடு பள்ளம். ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கும்போது, அல்லது கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு, போர்ட்டோவுக்கும் லிஸ்பனுக்கும் போகாதீர்கள், படிக்கட்டும் வழுக்குகிற கல் ரோடும் முதல் நாளே முட்டியைக் கழற்றிவிடும். அப்படிப்பட்ட சமயத்துக்குக் கோபன்ஹேகனோ பொலோன்யாவோ, அதாவது சமதளமான ஊர்.

வெனிஸ் போகலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். போகலாம், தீவுக்குள்ளேயே தங்குவதாக இருந்தால் மட்டும். நாள்பயணிகள் கிளம்பிய பிறகு, ராத்திரியும் விடிகாலையும்தான் அந்த ஊர். பகலில் வந்து போகிறவர்களுக்கு 2024-இலிருந்து குறிப்பிட்ட நாட்களில் நுழைவுக் கட்டணம் வேறு வைத்திருக்கிறார்கள், தங்குகிறவர்களுக்கு அது இல்லை. ஆனால் பெரிய சூட்கேஸோடு போகாதீர்கள், பாலங்களெல்லாம் படிக்கட்டுகள்.

என்றைக்கு, எந்த மாசம்

ஊரைத் தேர்ந்தெடுத்தால் போதாது, அந்த ஊருக்கு அந்த நாள் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். திங்கள் லீவு கிடைத்தது என்று ஞாயிறு திங்களாகப் போகிறவர்கள் இதில் மாட்டுவார்கள். ஃபிளாரன்ஸில் உஃபீஸி மியூசியமும் டேவிட் சிலை இருக்கிற அக்காதெமியாவும் திங்கள் மூடல். பாரிஸில் ஓர்சே மியூசியம் திங்கள், லூவ்ர் மியூசியம் செவ்வாய். வாட்டிகன் மியூசியம் ஞாயிற்றுக்கிழமை மூடல், மாசத்தின் கடைசி ஞாயிறு மட்டும் விதிவிலக்கு. மாட்ரிட்டின் பிராடோ மியூசியம் வாரம் முழுக்கத் திறந்திருக்கும், சாயங்காலம் கடைசி இரண்டு மணி நேரம் இலவசம், வரிசைக்குத் தயாராக இருந்தால். ஷாப்பிங்தான் நோக்கம் என்றால் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஆகாது, பெரிய ரயில் நிலையங்களில் இருக்கிற கடைகளைத் தவிர எல்லாம் பூட்டியிருக்கும், போலந்திலும் பெரும்பாலான ஞாயிறுகள் அப்படித்தான். மாட்ரிட்டில் ஞாயிறும் கடை உண்டு.

சாப்பாட்டு நேரமும் ஊருக்கு ஊர் மாறும். இத்தாலியில் மதியம் இரண்டரைக்கு அடுப்பை அணைத்தால் சாயங்காலம் ஏழுக்குத்தான் பற்றவைப்பார்கள். ஸ்பெயினில் ராத்திரிச் சாப்பாடே ஒன்பது மணிக்கு. ஏழு மணிக்குப் பசித்து அழுகிற குழந்தையோடு செவில்லில் அலைவது கஷ்டம், சின்னச் சின்னத் தட்டுகளில் நொறுக்குத்தீனி தருகிற தாபாஸ் கடைகளை முன்னாடியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மாசத்தைப் பொறுத்தவரை வெளிச்சத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும், குளிரை உடுப்பு போட்டுச் சமாளிக்கலாம், இருட்டை எதைப் போட்டுச் சமாளிப்பது? டிசம்பர் கடைசியில் ஸ்டாக்ஹோமில் பகல் ஆறு மணி நேரம்தான், மூன்று மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். அதே நாளில் மலகாவில் ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல். ஜூனில் இது தலைகீழ், கோபன்ஹேகனில் பதினேழு மணி நேரத்துக்கு மேல் பகல், ராத்திரி பத்து மணிக்குக் கூட வெளிச்சத்தில் நடந்துகொண்டிருப்பீர்கள். ஆகவே நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை தெற்கே, மேயிலிருந்து ஆகஸ்ட் வரை வடக்கே. ஜூலையில் செவில் நாற்பது டிகிரியைத் தாண்டும், அந்த ஊரை ஜனவரிக்கு வையுங்கள். கிறிஸ்துமஸ் சந்தைகள் இருட்டில்தான் அழகு, அதற்கு மட்டும் டிசம்பரில் கொலோன், ஸ்ட்ராஸ்பூர்க், வியன்னா என்று போகலாம், ஆனால் ரூம் வாடகை எகிறியிருக்கும், செப்டம்பரிலேயே போட்டுவிடுங்கள்.

ஒரே ஒரு பொருளைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வரிசையை மாற்ற வேண்டும். மிலானில் லியனார்டோவின் கடைசி இராவுணவு ஓவியத்தைப் பார்க்கக் கால் மணி நேரம்தான் உள்ளே விடுவார்கள், டிக்கெட் வெகு முன்பே தீர்ந்துவிடும். ஆம்ஸ்டர்டாமின் அன்னே ஃபிராங்க் வீட்டுக்கு ஒவ்வொரு செவ்வாயும், ஆறு வாரம் தள்ளி இருக்கிற நாட்களுக்கான டிக்கெட்டை வெளியிடுகிறார்கள். முதலில் அந்த டிக்கெட், அப்புறம்தான் விமானம்.

காகிதங்கள், பை, ரூம்

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நம்மில் பலருக்கும் தெரிந்த விஷயம். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்டில் பிரிட்டனில் வாழ்கிறவர்களுக்கு, ஐரோப்பாவின் பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும், அதற்கு அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகலாம். விசா கையில் இல்லாத வார இறுதிக்குப் பிரிட்டனுக்குள்ளேயே, ஸ்காட்லாந்தின் எடின்பரோ போங்கள். லண்டனிலிருந்து ரயிலில் நாலரை மணி நேரத்துக்குள், வேவர்லி ஸ்டேஷன் பழைய ஊருக்கும் புதிய ஊருக்கும் நட்டநடுவில், கோட்டை கண்ணெதிரே. ஐரோப்பாவின் எந்த ஊருக்கும் அது குறைந்ததில்லை. அயர்லாந்து ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விதி. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து மாதிரியான ஷெங்கன் நாட்டு வதிவிட அட்டை வைத்திருப்பவர்கள் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு விசா இல்லாமல் போய்வரலாம், அட்டையும் பாஸ்போர்ட்டும் இரண்டும் கையில் வேண்டும். அகதிப் பயண ஆவணத்தில் போகிறவர்கள், போகிற நாட்டின் விதியைத் தனியாகப் பார்க்க வேண்டும், நாட்டுக்கு நாடு மாறும். சில மலிவு விமான நிறுவனங்கள் ஐரோப்பியர் அல்லாத பாஸ்போர்ட்களைக் கவுன்டரில் சரிபார்த்து முத்திரை போடச் சொல்லும், ஆன்லைனில் செக்-இன் முடிந்தது என்று நேராகக் கேட்டுக்குப் போய்விடாதீர்கள். 2025 அக்டோபரில் தொடங்கிய புது எல்லைப் பதிவில் விசிட்டர்களிடம் கைரேகையும் படமும் எடுக்கிறார்கள், முதல் தடவை போகிறவர்கள் அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

பை ஒன்றே ஒன்று, சீட்டுக்கு அடியில் வைக்கிற அளவு. இரண்டு ராத்திரிக்கு அதற்கு மேல் தேவையே இல்லை, ஞாயிறு காலை ரூமைக் காலி செய்த பிறகு அதைத் தோளிலேயே போட்டுக்கொண்டு சுற்றலாம், ஹோட்டலுக்குத் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போகிற அலைச்சல் மிச்சம்.

ரூமில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். ஊருக்கு வெளியே எண்பது யூரோ, பழைய ஊருக்குள் நூற்றுப் பத்து என்றால் கண்ணை மூடிக்கொண்டு நூற்றுப் பத்தைக் கொடுங்கள். சாயங்காலம் கால் வலித்தால் அரை மணி நேரம் வந்து படுத்துவிட்டு, முகம் கழுவி, மறுபடி ராத்திரி வெளியே போகலாம். ஊருக்கு வெளியே தங்கினால் அந்த ராத்திரி கிடைக்காது, ஒரு தடவை ரூமுக்குப் போனால் போனதுதான்.

டிக்கெட் போடும் முன் கடைசியாக ஒரு சோதனை செய்து பாருங்கள். மேப்பில் விமான நிலையத்தையும் ஹோட்டலையும் போட்டு, வெள்ளி ராத்திரி பதினொன்றரை மணிக்கு எப்படிப் போவது என்று கேளுங்கள், பகல் நேரத்தை வைத்துப் பார்க்காதீர்கள். கடைசி ரயில் பத்தரைக்கே போய்விடுகிறது, டாக்ஸி அறுபது யூரோ என்று வந்தால் ஒன்று சனி விடிகாலை முதல் விமானத்துக்கு மாற்றுங்கள், இல்லை அடுத்த ஊரைப் பாருங்கள். ஞாயிறு திரும்புவதற்கு அன்றைய கடைசி விமானத்தை எடுக்காமல் அதற்கு முந்தியதை எடுங்கள், முந்தியது ரத்தானாலும் கடைசியில் இடம் கேட்கலாம், கடைசியே ரத்தானால் திங்கள் காலை எட்டு மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவர் வேறு நாட்டு ஏர்போர்ட் பெஞ்சில்தான் இருப்பார்.